ஒழுகும் குழாயும் அதனைச் செப்பனிடும் முறையும்

இல்லத்துப் பொருள்களுள் நாள்தோறும் பன்முறை கையாளப்படுவதும், பழுதுபட்டாலன்றி நினைவுக்கு வாராததும் தண்ணீர்க் குழாயே ஆகும். அதனைத் திறந்து மூடத் தெரியாதார் இலர். அதனுள்ளே இருப்பது யாதென அறிந்தாரோ மிகச் சிலர். குழாய் ஒழுகத் தொடங்கியதும் நம்மவர் செய்வது ஒன்றுண்டு. முன்னினும் வலிந்து இறுக்குவர். அவ்வாறு இறுக்குந்தோறும் பழுது பெரிதாகும். பின்னர்க் குழாயின் வாயில் ஒரு துணியைச் சுற்றிக் கீழே வாளியை வைத்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருப்பர். இத்தகைய சிறு வேலைக்கென ஆள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், குழாய் முழுவதையும் மாற்றவேண்டும் என்று கூறிவிடுவாரும் உளர். சில ரூபாய் விலையுள்ள வளையம் ஒன்றை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் குறை அது. ஆதலின் ஆடவரும் பெண்டிரும், உயர்நிலைப் பள்ளி மாணவருங்கூடத் தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்க வகையில் இதனை இப்பாடத்தில் விளக்கப் புகுகின்றோம்.

முதலில் ஒழுகும் நீரின் அளவை அறிதல் வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டு, ‘இதில் என்ன போய்விடும்?’ என்று நினைப்பது இயல்பே. நூறு மில்லிலிட்டர் கொள்ளும் சிறு தம்ளர் ஒன்றைக் குழாயின் கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது நிரம்புமாயின், ஒரு மணிக்கு 600 மில்லிலிட்டர்; ஒரு நாளைக்கு 14.4 லிட்டர்; ஓராண்டுக்கு 5,256 லிட்டர். நகரத்தில் வாழும் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவனம் வகுத்துள்ள கணக்கு. அக்கணக்கின்படி, ஒரே குழாயில் சொட்டி வீணாகும் நீர் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 39 நாள் போதும். இக்கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே போடச் செய்வது நன்று. அவரவர் வீட்டுக் குழாயின் அளவு வேறாகலாம், முறை ஒன்றே.

அந்நீர் எவ்விடத்திலிருந்து வருகிறது என்பதையும் கருதிப் பாருங்கள். பெங்களூரில் வாழும் நம் அன்பர்கள் குழாயைத் திறந்தால் வருவது காவிரி நீர். 1974-ஆம் ஆண்டில் முதற் கட்டத் திட்டம் நிறைவேறிய காலந்தொட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து, இடையிலுள்ள நிலையங்களில் மீண்டும் மீண்டும் இறைக்கப்பெற்று, சுமார் 500 மீட்டர் உயரம் மேலேறி அது நகரை அடைகிறது. மலையேறி வந்த நீர் அது. கோலார் தங்கவயலிலோ, பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியின் நீரே சுரங்க வரிசைகளுக்குக் குழாய்வழி வந்தது. அவ்வரிசைகளில் பல வீட்டார்க்கு ஒரு பொதுக் குழாய். குடங்களின் வரிசையைக் காத்து நின்ற நம் அன்னையர்க்கு ஒரு சொட்டின் விலை தெரியும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. வரிசையும் குடமும் பல தெருக்களில் இன்னும் மறையவில்லை. 2024 மார்ச்சு மாதத்தில் பெங்களூரில் நேர்ந்த தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று நீர் வாரியம் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. வண்டி கழுவுவது கண்ணுக்குத் தெரியும் குற்றம். சுவரோரம் சொட்டுவதை யார் தண்டிப்பார்?

இனிக் குழாயின் அமைப்பைக் காண்போம். தேநீர்க் கடைப் பாய்லர்களில் இன்றும் காணப்படும் குழாய் மிகப் பழைய வகையைச் சேர்ந்தது. துளையுள்ள ஒரு கூம்பு முளை அதில் இருக்கும். அதனைக் கால் வட்டம் திருப்பினால் வழி திறக்கும். அழுத்தம் மிகுந்த நகரக் குழாய்களுக்கு அது பொருந்தவில்லை. ஓடும் நீரைத் திடீரெனத் தடுத்தால், அது சம்மட்டியால் அடித்தாற்போலக் குழாயைத் தாக்கும். மெல்ல மெல்ல மூடும் திருகு குழாய் இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்னும் ஊரிலிருந்த கெஸ்ட்-கிரைம்ஸ் பட்டறையில் 1845-இல் உருவாயிற்று. நம் வீடுகளிலுள்ள பித்தளைத் திருகு குழாய்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

அதனுள் குறுக்கே ஒரு சுவரும், சுவரின் நடுவில் ஒரு வட்டத் துளையும் உண்டு. துளையின் விளிம்பு சற்று உயர்ந்து வழவழப்பாக இருக்கும். வேலைக்காரர் இதனைச் ‘சீட்டு’ என்பர். நீர் கீழிருந்து இத்துளையின் வழியே மேலேறிப் பின் வாய்வழி வெளியேறும். கைப்பிடியைத் திருகும்போது, மரையுள்ள தண்டு ஒன்று இறங்கித் தன் அடியிலுள்ள வாஷர் என்னும் வளையத்தைச் சீட்டின்மேல் அழுத்தி வழியை அடைக்கிறது. தண்டு மேலே வெளிவரும் கழுத்தில் நூலோ சணலோ ரப்பர் வளையமோ திணித்து, ஒரு சிறு நட்டால் அழுத்தி வைத்திருப்பார்கள். வாஷர், சீட்டு, கழுத்துத் திணிப்பு ஆகிய இம்மூன்றுமே பழுதுபடும் இடங்கள். ஏனைய பகுதிகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

வாஷர் இக்காலத்தில் ரப்பராலானது. முன்னாளில் குளிர்நீர்க் குழாய்களுக்குத் தோல் வாஷரே வழக்கு. இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. அத்தோலைப் பதமாக்கிக் கொடுத்த கைகளுக்கு, அது பொருத்தப்பட்ட குழாயைத் தொடும் உரிமை இந்நாட்டில் மறுக்கப்பட்டிருந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியுள்ள வாழ்க்கைக் குறிப்பை அன்பர்கள் அறிவர். மற்றப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போய்த் தாமே குழாயைத் திறந்து குடிப்பார்கள். அவரோ குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரத்துச் சௌதார் குளத்தில் இறங்கி அவர் நீர் அள்ளிக் குடித்ததும், 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவை பெயர் சுட்டிக் கூறப்பட்டிருப்பதும் நாம் அறிந்தனவே. திறக்க உரிமை பெற்ற கை அதனைக் கழற்றிப் பூட்டவும் கற்றுக்கொள்வது முறையே ஆகும். பாடத்துக்குத் திரும்புவோம்.

கருவியை எடுக்குமுன் நீர் எவ்விடத்தில் கசிகிறது என்று பார்த்தல் வேண்டும். குழாயை மூடிய பின்னும் வாயில் சொட்டுமானால் பழுது வாஷரிலோ சீட்டிலோ உளது. மூடியிருக்கையில் சொட்டாமல், திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் கசியுமானால் பழுது கழுத்துத் திணிப்பில் உளது. இதன் காரணம் எளிது. மூடிய நிலையில் சீட்டுக்கு மேலே நீரின் அழுத்தம் இல்லை; திறந்தபின்னரே நீர் கழுத்து வரை ஏறும். வாயில் ரப்பர்க் குழல் மாட்டிச் செடிக்கு நீர் விடும்போது இக்கசிவு மிகுவதைக் காணலாம். சுவரும் குழாயும் சேரும் இடத்தில் ஈரம் படர்ந்தால் பழுது மரை இணைப்பில். உடலிலேயே விரிசல் தெரியுமானால் செப்பனிடும் எண்ணத்தை விட்டுப் புதுக்குழாய் வாங்குவதே அறிவுடைமை. பிசின் தடவுவதெல்லாம் சின்னாள் ஏமாற்றே.

தேவையான கருவிகள் மிகுதியல்ல. திறப்பு அளவை மாற்றக்கூடிய ஸ்பானர் ஒன்றும், பைப்பு ரெஞ்சு ஒன்றும், ஒரு திருப்புளியும், ஒரு குறடும், பழந்துணியும் போதும். வாஷர் வாங்கும்போது குழாயின் அளவைச் சொல்லிக் கேட்கவேண்டும். வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 15 மில்லிமீட்டர்; சில இடங்களில் முக்கால் அங்குலம், அதாவது 20 மில்லிமீட்டர். ஐயமிருப்பின் பழைய வாஷரையே எடுத்துச் சென்று காட்டுக. வெந்நீர்க் குழாயாயின் அதனையும் கடைக்காரரிடம் கூறவேண்டும். சாதாரண ரப்பர் வெப்பத்தில் விரைந்து இறுகி வெடித்துவிடும். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிப் பொருத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. கடை திறக்கும் வரை அது தாங்கும். அதற்குமேல் அதனை நம்பவேண்டா.

வேலையின் முதற்படி நீரை நிறுத்துவது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்குமாயின் அதனை வலப்புறம் திருகி மூடுக. நெடுநாள் அசைக்கப்படாத வால்வு இறுகியிருக்கும். ஒரேயடியாக முறுக்காமல், சிறிது முன்னும் பின்னுமாக அசைத்துத் தளர்த்தவேண்டும். வால்வே இல்லாத வீடுகளும் உள. அவ்வாறாயின் தொட்டியின் உட்புறத்திலுள்ள வெளியேறு துளையைத் துணி சுற்றிய மரமுளையால் அடைக்கலாம். வேலை முடிந்ததும் முளையை எடுக்க மறக்கக்கூடாது. தெருக் குழாயிலிருந்து நேரே வரும் இணைப்பாயின், நீர் விடாத வேளையில் வேலையை வைத்துக்கொள்வதே எளிது. மீட்டருக்கு அப்பால் தெருப்பக்கத்தில் உள்ளவை வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றில் கைவைத்தல் ஆகாது.

நீரை நிறுத்தியபின் பழுதான குழாயைத் திறந்து, எஞ்சிய நீர் வடியும்வரை விடுக. திறந்தது திறந்தபடியே இருக்கட்டும். இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். மூடிய நிலையில் தலைப்பகுதியைக் கழற்ற முற்பட்டால், தண்டு சீட்டின்மேல் ஊன்றிக்கொண்டு மரையை நெரிக்கும்.

அடுத்துத் தலைப்பகுதியைக் கழற்றவேண்டும். கைப்பிடியின் மேலுள்ள சிறு மூடியை நெம்பினால் உள்ளே ஒரு திருகாணி தெரியும்; அதனைத் திருப்புளியால் எடுத்தால் கைப்பிடி வந்துவிடும். சில குழாய்களில் கைப்பிடியை எடுக்காமலே தலைப்பகுதியைக் கழற்றலாம். தலைப்பகுதியின் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டில் ஸ்பானரை மாட்டி இடப்புறமாகத் திருப்பவேண்டும். இங்கேதான் பலர் குழாயை முறித்துவிடுகின்றனர். வலக்கையால் நட்டைத் திருப்பும்போது இடக்கையால் பைப்பு ரெஞ்சைக் கொண்டு குழாயின் உடலை எதிர்ப்புறமாக அசையாமற் பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு பிடிக்காவிடில், திருப்பும் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்க்குச் செல்லும். பழைய கட்டடங்களில் அக்குழாய் உள்ளே துருப்பிடித்து மெலிந்திருக்கும். மரையோடு ஒடிந்து சுவருக்குள் தங்கிவிடும். பின்னர்ச் சுவரை உடைக்காமல் வழியில்லை. பளபளப்பான முலாம் பூசிய குழாயாயின், ரெஞ்சின் பற்கள் படாதவாறு துணி சுற்றிப் பிடிக்கவும்.

தலைப்பகுதி கழன்றதும் அதன் அடியில் வாஷர் தெரியும். சில வகைகளில் வாஷர் தாங்கி தண்டோடு சேர்ந்து வரும், சிலவற்றில் அது தனியே குழாய்க்குள் தங்கியிருக்கும், குறட்டால் எடுத்துக்கொள்ளலாம். வாஷரைப் பிடித்திருக்கும் சிறு நட்டைக் கழற்றிப் பழையதை எடுத்து நோக்குக. நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஓரம் கிழிந்து, கல்போல் இறுகியிருக்கும். வலிந்து இறுக்கியதன் அடையாளம் அப்பள்ளமே. புதிய வாஷரைப் பொருத்திச் சிறு நட்டை இறுக்குக; வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு இறுக்குதல் தேவையில்லை.

ஆனால் மீண்டும் பூட்டுமுன் சீட்டைப் பார்க்காமல் விடுவது பாதி வேலையே ஆகும். குழாய்க்குள் விரலை விட்டுச் சீட்டின் விளிம்பைச் சுற்றித் தடவுக. வழவழப்பாக இருந்தால் நன்று. சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருப்பின், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்துத் துடைத்தால் இளகிப்போகும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது பெரும்பாலும் வேண்டியிருக்கும். விரலுக்கு ஒரு கீறலோ பள்ளமோ தட்டுப்பட்டால், எத்தனை புது வாஷர் போட்டாலும் ஒழுக்கு நில்லாது. தேய்ந்த வாஷரின் இடுக்கு வழியே நீர் மெல்லிய கம்பிபோல் விரைந்து பாய்வதால் பித்தளையையே அரித்துவிடுகிறது. நாளை பார்த்துக்கொள்வோம் என்று மாதக்கணக்கில் விட்ட குழாய்களின் நிலை இதுவே. சீட்டைக் கடைந்து சமமாக்கும் கருவி ஒன்று உண்டு. அக்கருவி வைத்திருப்பாரைக் கொண்டு சமமாக்கலாம். இல்லையேல் குழாயை மாற்றவேண்டியதுதான்.

பூட்டும்போது, கழற்றிய வரிசைக்கு மாறாகச் செய்க. தண்டு மேலேறிய நிலையில், அதாவது திறந்த நிலையிலேயே, தலைப்பகுதியைக் கையால் திருகி ஏற்றி, மரை நேராகப் பிடித்தபின் ஸ்பானரால் இறுக்குக. பிறகு குழாயை மூடிவிட்டு வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்கவும். குழாயைத் திறந்ததும் காற்று சீறி, துருக் கலந்த நீர் முதலில் வரும். அது தெளியும்வரை ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். இனிக் குழாயை மூடும்போது சொட்டு நின்ற அளவில் கையை எடுத்துவிட வேண்டும். இப்பழக்கத்தை வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் கற்பித்தால் அந்த வாஷர் நெடுநாள் உழைக்கும்.

கழுத்தில் கசிவதாயின் இத்துணை வேலையில்லை. கழுத்து நட்டைக் கால் சுற்று வலப்புறம் திருப்பிப் பார்க்கவும்; பெரும்பாலும் நின்றுவிடும். நில்லாவிடின், நீரை நிறுத்தி நட்டை உயர்த்தி, மக்கிய பழைய திணிப்பைக் குண்டூசியால் கிள்ளி எடுத்துவிட்டு, வாசலின் தடவிய பருத்தி நூலை, நட்டை இறுக்கும் திசையிலேயே தண்டைச் சுற்றிப் பல சுற்றாகச் சுற்றி நட்டை இறக்குக. கைப்பிடி இலகுவாகத் திரும்பும் அளவே இறுக்கம் போதும்.

சுவரோர இணைப்பில் கசிவு என்றால் குழாய் முழுவதையும் கழற்றவேண்டும். மரையிலுள்ள பழைய சணலையும் அழுக்கையும் கம்பித் தூரிகையால் துடைத்து, வெண்ணிற டெப்லான் நாடாவை மரையின் முனையை நோக்கி நின்று வலஞ்சுழியாகச் சுற்றுக. இடஞ்சுழியாகச் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்துவிடும். பழைய நாளில் சணலோடு ஈய வெள்ளையைக் குழைத்துப் பூசுவர். ஈயம் நஞ்சு, குடிநீர்க் குழாயில் அதனை இக்காலத்தில் எவரும் பூச இடந்தரலாகாது. பிளாஸ்டிக் குழாயாயின் கையால் இறுக்கினாலே போதும். ரெஞ்சு பட்டால் விரிசல் காணும்.

கால் வட்டம் திருப்பினால் திறக்கும் புதுவகைக் குழாய்களைப் பற்றியும் கேட்கின்றனர். அவற்றில் வாஷர் இல்லை. வழவழப்பான இரு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து துளையை மூடும். பழைய கூம்பு முளைக் குழாயின் கருத்தே வேறு உருவில் திரும்பி வந்துள்ளது என்னலாம். மணல் துகள் ஒன்று புகுந்து பீங்கானைக் கீறிவிட்டால் அதனைச் செப்பனிட இயலாது. கார்ட்ரிட்ஜ் என்னும் உள் உறுப்பு முழுவதையும் மாற்றவேண்டும். அதன் நீளமும், தலையிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், பழையதைக் கையில் கொண்டுபோகாமல் கடைக்குப் போவதில் பயனில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்குகளும் உண்டு. கழிப்பறைத் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்துவிட்டு அரைமணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விடுக. கீழே பீங்கானில் நீல நிறம் தோன்றினால் தொட்டியின் அடைப்பு கசிகிறது என்று அறியலாம். வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடியபின்னும் மீட்டரின் முள் நகருமானால் மண்ணுக்குள் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. இவ்வகைக் கசிவைச் சிறிதென்று எண்ணுதல் தவறு. நீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில், அழுத்தம் குறையும் வேளையில் குழாய் தன் விரிசல் வழியே வெளியிலுள்ள கழிவு நீரை உள்ளிழுக்கும். மறுநாள் அதுவே குடத்தில் விழும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர்க் குழலின் முனையை அழுக்கு வாளிக்குள் அமிழ்த்தி விட்டுச் செல்வதும் இதே தீங்கை விளைக்கும். சொட்டு நீர் தேங்கும் சட்டியையும் வாளியையும் வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரிலேதான் முட்டையிடுகிறது.

தெருவிலுள்ள பொதுக் குழாய் பழுதுபட்டால் நாமே கழற்றலாமா என்று கேட்பார்க்கு, வேண்டா என்போம். வார்டு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நாளும் பதிவு எண்ணும் குறித்து வைத்துக்கொள்க. குழாயின் இடத்தைத் தெளிவாக எழுதுவதோடு, எத்தனை வீட்டார் அதனை நம்பியிருக்கின்றனர் என்பதையும், மேற்கூறிய தம்ளர்க் கணக்கையும் மனுவில் சேர்த்தால், அதனை ஒதுக்கி வைப்பது அலுவலர்க்கு எளிதாயிராது. பலர் கையொப்பமிட்டால் இன்னும் நன்று. மேல்தொட்டியைக் கழுவித் தூய்மை செய்யும் முறையையும், அதன் மிதவை வால்வைச் சீர் செய்வதையும் அடுத்த பாடத்தில் கூறுவோம்.